வடை மணக்கும் பஸ்ஸும் என் டின் எண்ணெயும்

போன வாரம் இந்த இடத்தில் வாழைப்பூ வறுவல் செய்வது எப்படி என்று ஒரு சமையல் குறிப்பு வந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று இரண்டு வாசகர்கள் பத்திரிகை ஆபீசுக்கு போன் செய்து கேட்டார்களாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தேன்... கை ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பாயா ரும்புட் பக்கத்து மாரியம்மன் கோயிலில் லெட்சுமியைப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவுகிறவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர், ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. அம்மன் முன்னால் கண்ணை மூடி நின்றிருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சுற்றி வந்து கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"மாசி மாசத்துல பால்கொடம் எடுக்கிறதா வேண்டிக்கிட்டேன்க்கா. அதுவரைக்கும் கவுச்சி தொட மாட்டேன். வெள்ளிக்கெழமையில பச்சத்தண்ணி பல்லுல படாது. என் எண்ணெயாலதானக்கா என் புள்ளைக்கு இந்த கதி..."

நான் என்ன செய்தேன் தெரியுமா? தட்டிலிருந்து குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். "அம்மன் பாத்துக்குவா" என்றேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

லெட்சுமியின் எண்ணெய் ஒரு பாவமும் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

என்ன எண்ணெய், என்ன கதி என்று குழம்பாதீர்கள். முதலிலிருந்தே சொல்கிறேன்.

குவைத்தில் சண்டை மூண்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. சிரிக்காதீர்கள். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். வானொலியில் காலைச் செய்தி, மத்தியானச் செய்தி, ராத்திரிச் செய்தி - மூன்றிலும் எண்ணெய், எண்ணெய், எண்ணெய். கிணறு கிணறாக எரியப் போகிறதாம். கப்பல் வராதாம். மறுநாளே நான் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் இரண்டு டஜன் மெழுகுவத்தியும் வாங்கி ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டேன்.

"எண்ணெய் தீந்துட்டா கேஸ் டின்னு எப்படி வரும்? அரிசி லோரி எப்படி ஓடும்? உம்பாயிலேருந்து மீன் எப்படி வரும்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நடந்து வரும்" என்றார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நம் நாட்டில்தான் எண்ணெய் இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். இருக்கிறது... எத்தனை நாளைக்கு? என் பேரப்பிள்ளைகள் காலத்துக்கு இருக்குமா? எனக்கு இன்னும் மருமகளே வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஆபீசிலும் இதே பேச்சுத்தான். ஒருவர் சூரியன் என்றார், ஒருவர் காற்று என்றார், ஒருவர் மாட்டுச் சாணம் என்றார். புக்கிட் பெருவாங்கில் இருக்கும் என் சிநேகிதி கூரையில் சூரிய வெப்பத்தில் வெந்நீர் காய்ச்சும் பெட்டியைப் பொருத்தியே விட்டாள். பொருத்திய அன்றைக்குப் பிடித்த மழை நாலு நாள் விடவில்லை. தும்மிக்கொண்டே ஆபீசுக்கு வந்தாள். ஆனாலும் அவளைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். என்னமோ ஒன்றைச் செய்துவிட்டாளே.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். எங்கள் வீட்டில் இரண்டு காடி. என்னுடைய பழைய காடியில் டாங்கி நிறைய பெட்ரோல் ஊற்றி, ஆபத்துக்கு இருக்கட்டும் என்று போர்ச்சில் நிறுத்தி, மேலே துணி போட்டு மூடினேன். ஆபீசுக்குச் சன்னாசி அண்ணனின் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன்.

சன்னாசி அண்ணன் யார் என்று சொல்ல வேண்டும். அதே தோட்டத்தில் இருபது வருஷம் லோரி ஓட்டியவர். வேலையை விட்ட பிறகு எங்கோ கழித்துப் போட்ட ஒரு டீசல் பஸ்ஸை வாங்கி, தானே பிரித்து, தானே பூட்டி ஓடவிட்டார். காலை ஆறரைக்குத் தோட்டத்தில் கிளம்பும். தொழிற்சாலையில் கிலாங் வேலைக்குப் போகும் பெண்கள், மலாக்காவில் படிக்கும் பிள்ளைகள், சாலை முனையில் ஏறிக்கொள்ளும் என்னைப் போல இரண்டொருவர். பஸ்ஸுக்குள் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஸ்பேனர் தொங்கும். இரண்டுக்கும் ஊதுவத்தி காட்டுவார்.

ஒருநாள் காலை நான் ஏறியதும் கேட்டார்.

"தங்கச்சி, பசியாறியாச்சா? ஒண்ணு கேக்குறேன், நீங்க பத்திரிகையில எழுதுறவங்க. நாம செம்பனக் காட்டு நடுவுலயே கெடக்கிறோம். எண்ணெய்க்கு அரபுக்காரன் மூஞ்சிய எதுக்குப் பாக்கணும்?"

"செம்பனை எண்ணெயில பஸ் ஓடுமா அண்ணே?"

"கே.எல். பக்கம் ஓட்டிப் பாக்குறாங்களாம் லா. ரேடியோவுல சொன்னான்."

"அது படிச்சவங்க செய்யிறது. லேப்புல வச்சு என்னென்னமோ பண்ணுவாங்க."

"நம்ம மிசினு பழைய மிசினு. அதுக்குப் படிப்புலாம் தெரியாது. எது எரியுமோ அதக் குடிக்கும்" என்று சிரித்தார்.

சொன்னதோடு நிற்கவில்லை மனிதர். பஸ்ஸுக்கு அடியில் இரண்டாவதாக ஒரு டாங்கியைக் கட்டினார். கிளம்பும்போது டீசலில் ஓடும். மிசின் சூடானதும் ஒரு வால்வைத் திருப்புவார். அதன் பிறகு செம்பனைச் சமையல் எண்ணெயும் கொஞ்சம் டீசலும் கலந்த கலவையில் ஓடும். சமையல் எண்ணெய்க்கு எங்கே போவது? அங்கேதான் அண்ணனின் மூளை. தீபாவளி முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஊட்டு ஊட்டுக்கு முறுக்கு சுட்டிருப்பீங்க, நெய்யுருண்ட புடிச்சிருப்பீங்க, அதிரசம் போட்டிருப்பீங்க. மிச்ச எண்ணெய என்னா செய்வீங்க? காண்டாவுல, சாக்கடையிலதான ஊத்துவீங்க. அத எங்கிட்ட குடுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். பலகாரம் சுட்ட எண்ணெய் மட்டும்தான். நெய்யி, டால்டா, கொழுப்பு கட்டுற சாமான் எதையும் அதுல கலந்துறாதீங்க. வெடியகாலக் குளுருல ஒறஞ்சிப் போச்சின்னா மிசினு மூச்சு விடாது."

நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பத்தியில் எழுதலாமே என்று நோட்டில் குறித்தும் வைத்துக்கொண்டேன். "நெய் கூடாது. உறையும்." அந்த நோட்டு இதோ இப்போதும் என் முன்னால்தான் கிடக்கிறது.

பஸ் ஓடியது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை... ஒரு மாதம் முழுக்க ஓடியது. வால்வைத் திருப்பியதும் பின்னால் ஒரு வாசனை கிளம்பும் பாருங்கள், யாரோ அடுப்படியில் வடை சுடுகிற மாதிரி. கிலாங் பெண்கள் பசிக்கிறது என்று சாப்பாட்டு டின்னை வழியிலேயே திறந்துவிடுவார்கள். சந்திப்புகளில் நாய்கள் எழுந்து நின்று பார்க்கும். 'வடை பஸ்' என்றே பெயர் ஆகிவிட்டது. எனக்கு ராத்திரித் தூக்கம்கூட மெல்லத் திரும்பியது. குவைத்தில் என்ன நடந்தால் என்ன, எங்கள் பஸ் லெட்சுமி வீட்டு அதிரசத்தில் ஓடுகிறது.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே வருகிறேன்.

கோயிலில் வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்குவது என் பொறுப்பு. ஏழெட்டு வருஷமாகச் செய்கிறேன். விளக்குத் துலக்கியவர்களுக்கெல்லாம் ஒரு தலைவலி இருக்கும். அடியில் மிச்சமாகும் எண்ணெயை எங்கே ஊற்றுவது? சாமிக்கு ஏற்றியது. காண்டாவில் ஊற்றக் கூடாது. நாலு பேர் நடக்கும் இடத்தில் ஊற்றக் கூடாது, கால் பட்டுவிடும். கோயில் முருங்கை மரத்தடியில் ஊற்றிப் பார்த்தேன். மரம் செத்துவிட்டது. அதன் பிறகு ஒரு பெரிய டின்னில் சேர்த்து, மடப்பள்ளி மூலையில் வைத்துக்கொண்டே வந்தேன். நவராத்திரி, தீபாவளி, கந்த சஷ்டி என்று வரிசையாக வந்ததில் டின் விளிம்பு வரை வந்துவிட்டது.

நல்லெண்ணெய் இருந்தது, தேங்காயெண்ணெய் இருந்தது. நவராத்திரி ஒன்பது நாளும் வேண்டுதலுக்கு ஏற்றிய நெய் விளக்குகளின் மிச்சமும் இருந்தது. கற்பூரம் வேறு கரைந்து கிடந்தது. எல்லாம் எனக்குத் தெரியும்.

தெரிந்தும் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று பதினைந்து நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு என் மனசில் ஓடியது இதுதான்: சாமி எண்ணெய், அதனால் ஒரு கெடுதலும் வராது. நெய் என்றால் உறையும் என்று நோட்டில் எழுதியிருந்த அதே நான், அம்மனுக்கு ஏற்றிய நெய் உறையாது என்று நம்பினேன். அப்படி யோசித்து நம்பவில்லை. யோசிக்காமலே நம்பினேன். நம்மில் எத்தனையோ பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. சாமி காரியம் என்றால் சட்டதிட்டம் கொஞ்சம் தள்ளி நிற்கும் என்று ஒரு எண்ணம்.

அது ஞாயிற்றுக்கிழமை. நல்ல உச்சி வெயில். திரிகளை ஒரு குச்சியால் பொறுக்கி எடுத்துவிட்டு, டின்னை வீட்டுக்காரரின் காடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆமாம், பெட்ரோல் காடியில்தான். வெயிலில் எண்ணெய் உருகித் தேன் மாதிரி இருந்தது. சன்னாசி அண்ணன் பஸ்ஸுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"பலகாரம் சுட்டதுதான தங்கச்சி?"

கோயில் எண்ணெய் என்று சொன்னால், சாமி எண்ணெயை மிசினில் எரிக்கலாமா என்று அவர் தயங்குவார். டின் என் தலையிலேயே நிற்கும். அதனால் தலையை ஆட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று அப்போது ஒரு திருப்தி வேறு.

அவர் எல்லார் எண்ணெயையும் பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டித்தான் ஊற்றுவார். லெட்சுமி அன்றைக்குக் கொண்டுவந்து வைத்திருந்த சின்ன டின்னையும் அப்படித்தான் ஊற்றினார். என் டின்னைத் தூக்கினார்.

"நீங்க குடுக்கிற சாமான நான் வடிகட்டணுமா? படிச்சவங்க ஊட்டு எண்ணெய்" என்று அப்படியே டாங்கியில் சாய்த்துவிட்டார்.

நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சையின் முதல் நாள். அந்தத் தோட்டத்திலிருந்து இந்த வருஷம் பரீட்சை எழுதுவது ஒரே ஒரு பிள்ளை. லெட்சுமியின் மகள் தேவகி. முதல் தாள் மலாய்மொழி. அது உங்களுக்குத் தெரியும் - மற்றதில் எல்லாம் ஏ வாங்கினாலும் இந்தத் தாள் போனால் சான்றிதழே கையில் வராது. பால் வாளி தூக்கியே தோள் சாய்ந்துபோன அம்மாவுக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விடிவதற்கு முன்பிருந்தே மழை. நான் ஏறியபோது தேவகி முன் சீட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு பேனாவும் அடையாள அட்டையும் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டுரையின் முதல் பத்தியை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, எனக்கு ஒரு தலையசைப்புத்தான் கிடைத்தது.

அண்ணன் வால்வைத் திருப்பினார். வடை வாசனை வந்தது. அதோடு வேறு ஒரு வாசனையும் வந்தது. கற்பூரம். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, பஸ் ஒரு முறை குலுங்கியது. இரண்டு முறை இழுத்தது. இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் சாலை, கொட்டுகிற மழை... நின்றுவிட்டது.

வால்வை மறுபடி டீசல் பக்கம் திருப்பினார். பிரயோஜனமில்லை. டாங்கி இரண்டு, ஆனால் வடிகட்டி ஒன்றுதான். அது அடைத்துக்கொண்டது. அண்ணன் கீழே இறங்கினார். குடை பிடிக்கிறேன் என்று நானும் இறங்கினேன். வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே வெள்ளை வெளேரென்று, நம் வீட்டு நெய் ஜாடியில் காலையில் இருக்குமே, அப்படி இறுகிப்போய் இருந்தது. விரலால் வழித்து மோந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. கிண்ணத்தைக் கவிழ்த்துச் சாலையில் தட்டினார்.

அந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது எழுதக் கை வரவில்லை.

"நெய்யி. தல பாடா அடிச்சிக்கிட்டேனே, எவளோ நெய்யக் கலந்துட்டாளே" என்றார் அண்ணன். கோபம்கூட இல்லை, அழுகை மாதிரி இருந்தது.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மணி ஏழு. பரீட்சை எட்டுக்கு. தேவகி படியில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, பிந்திப் போனா உள்ள விடுவாங்களா?"

"விடுவாங்கம்மா."

"அரமணி நேரம் வரைக்கும்தான் விடுவாங்களாம். டீச்சர் சொன்னாங்க."

அப்போது எனக்கு நினைவு வந்தது என்ன தெரியுமா? துணி போட்டு மூடி, டாங்கி நிறைய பெட்ரோலோடு போர்ச்சில் நிற்கும் என் காடி. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று வைத்தது. ஆபத்து வந்துவிட்டது... காடி மூன்று மைலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. வீட்டுக்காரருக்குச் சொல்ல வழியில் ஒரு போன்கூட இல்லை.

கை காட்டினோம். கார்கள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. டவுன் பஸ் ஒன்று வந்தது, கதவு வரை ஆள், நிற்கவில்லை. ஒரு மலாய்க்காரப் பெரியவர் மட்டும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி என்னவென்று கேட்டார். அவருக்குப் பின்னால் மழைக் கோட்டுக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பேரப்பிள்ளை இருந்தது. அவரும் என்ன செய்வார்? வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

ஏழு பத்து. ஏழு இருபது. தேவகி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள், சாலையைப் பார்ப்பாள், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பாள்.

அண்ணன் டீசலால் கழுவிப் பார்த்தார், வாயால் ஊதிப் பார்த்தார். குழாய் நெடுக நெய் இறுகிக் கிடந்தது. அப்போதுதான் கிலாங் பெண்களில் ஒருத்தி, சரோஜா என்று பெயர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏண்ணே, ஊட்டுல நெய் ஒறஞ்சிப் போனா என்னா செய்வோம்? சுடுதண்ணியில தான வைப்போம்."

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த நிமிஷம் பஸ்ஸில் இருந்த ஃப்ளாஸ்க் எல்லாம் வெளியே வந்தன. ஒருத்தி தேத்தண்ணி, ஒருத்தி மைலோ, ஒருத்தி வெறும் சுடுதண்ணி. நாள் முழுக்க மிசின் முன்னால் நிற்கப் போகிறவர்கள், பத்து மணி இடைவேளைக்கென்று வைத்திருந்தது. இறங்கி வந்து, அண்ணன் காட்டிய குழாய் மேலே, வடிகட்டி மேலே ஊற்றினார்கள். நானும் என் ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஊற்றினேன். அவசரத்தில் பாதி என் புடவையில் கொட்டியது. சுட்டது. சுடட்டும் என்று இருந்தது.

எட்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பஸ் இருமியது. டீசலில் பிடித்துக்கொண்டது. ஒருவரும் கைதட்டவில்லை. அண்ணன் எப்படி ஓட்டினார் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூட வாசலில் பஸ் முழுதாக நிற்பதற்குள் தேவகி குதித்து ஓடினாள். மணி எட்டு இருபத்தைந்து. உள்ளே விட்டார்கள்.

உள்ளே விட்டார்கள்... ஆனால் போன இருபத்தைந்து நிமிஷம் போனதுதான். மத்தியானம் நான் ஆபீசிலிருந்து நேராகப் பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றேன். தேவகி வந்தாள். மழையில் நனைந்த சட்டை உடம்போடு காய்ந்திருந்தது.

"எப்படிம்மா?"

"கட்டுர முடிக்க முடியல ஆன்ட்டி. கடைசிப் பக்கம் எழுதிக்கிட்டு இருக்கும்போதே புடுங்கிட்டாங்க."

ரிசல்ட் வர மார்ச் ஆகும். அதுவரை அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, அவள் அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் தோட்டத்தில் பஞ்சாயத்து. யார் டின்னில் நெய்? ஞாயிற்றுக்கிழமை இரண்டே டின்தான் வந்தது. ஒன்று 'படிச்சவங்க ஊட்டு' டின். இன்னொன்று லெட்சுமியுடையது. யாரும் விரலை நீட்டுவதற்கு முன்னால் லெட்சுமியே முந்திக்கொண்டார். "நெய்யுருண்ட புடிச்ச சட்டியக் கழுவாம அதுலயேதான் எண்ணெய ஊத்தி வச்சேன். அதுல ரெண்டு கரண்டி நெய் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். நாந்தாண்ணே. எம் புள்ள வாயில நானே மண்ணப் போட்டுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாராம்.

ஒட்டியிருந்த இரண்டு கரண்டி நெய் ஒரு பஸ்ஸை நிறுத்துமா? யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். எனக்கு ஆபீசில் வேலை அதிகம் என்று நான் அன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்த நாள் அண்ணன் இரண்டாவது டாங்கியைக் கழற்றிவிட்டார். இப்போது அவர் வீட்டுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் பிடிக்கிறது அது. பஸ் முழுக்க டீசல். "நம்ம ஆளுங்களுக்கு இதுலாம் சரிப்பட்டு வராது தங்கச்சி" என்றார் என்னிடம். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது எல்லாருக்கும் மறந்துவிட்டது. நின்ற ஒரு மணி நேரம்தான் ஞாபகம் இருக்கிறது. 'செம்பனை எண்ணெயில் பஸ் ஓடாது' என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

ஓடும். சத்தியமாக ஓடும். ஓடாமல் செய்தது நான்.

இந்தப் பதினைந்து நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. பெட்ரோல் பங்க்கில் எண்ணெய் போடும்போது அதைத் தோண்டியவன் யார், அவன் நல்லவனா, பொய் சொல்வானா என்று நாம் கேட்பதில்லை. எங்கோ இருக்கிறான். காசைக் கொடுத்தோம், ஓட்டினோம். ஆனால் பக்கத்து வீட்டு அடுப்படியிலிருந்து எண்ணெய் வந்தால்? அந்த வீட்டுக்காரி தலையை ஆட்டுவதை நம்பித்தான் பஸ் ஓட வேண்டும். எண்ணெய்க்குப் பதில் சூரியனா, காற்றா, செம்பனையா என்று ரேடியோவில் ஆராய்ச்சி செய்கிறார்கள். செய்யட்டும். பொய்யான ஒரு தலையாட்டலுக்குப் பதில் எதைப் போடுவது என்று யாராவது சொன்னால் தேவலை.

எனக்கு முன்பு குவைத்தை நினைத்துத் தூக்கம் வரவில்லை. இப்போது மார்ச் மாதத்தை நினைத்து வரவில்லை.

லெட்சுமி, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்தப் பக்கத்தைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பேப்பர் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே நான் உங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். வராமல் போனால், என் கால் வழியிலேயே திரும்பிவிட்டது என்று அர்த்தம். அதற்கும் பயந்துதான் இங்கேயே எழுதிவிடுகிறேன். உங்கள் டின்னில் குற்றமில்லை. பால்குடம் நீங்கள் எடுக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டினியும் என்னுடையது.

சன்னாசி அண்ணே, திங்கட்கிழமை ஆறரைக்குச் சாலை முனையில் எப்போதும் போல நிற்பேன். பஸ்ஸை நிறுத்துவதும் நிறுத்தாமல் போவதும் உங்கள் இஷ்டம். நிறுத்தினால், அந்த டாங்கியை மறுபடி மாட்டுங்கள் என்று கேட்பேன். இனிமேல் யார் எண்ணெய் கொடுத்தாலும் வடிகட்டுங்கள். படித்தவர்கள் வீட்டு எண்ணெயை இரண்டு தடவை வடிகட்டுங்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்று ஒன்று வைத்திருந்தேனே.

அண்ணன் வடிகட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினாரே, அப்போது அந்த வெள்ளைக் கட்டியோடு ஒரு சின்னத் திரித் துண்டும் சாலையில் விழுந்தது. ஒரு முனை கருகியிருந்தது. நான் பொறுக்காமல் விட்டது. அண்ணன் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவகி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு அடி முன்னால் போய் அதன் மேல் செருப்போடு காலை வைத்து அழுத்திக்கொண்டேன். பஸ் கிளம்பும் வரை ஒரு மணி நேரம் அதை விட்டுத் தள்ளிப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

யார் காலும் படக் கூடாது என்றுதான் அந்த எண்ணெயை நான் பஸ்ஸுக்குக் கொடுத்தேன்.